கார்ட்டனில் ஒய்25 என்று இருந்தால் 24 கிலோ ஆசிட் வைக்கலாமா?

பாகாவ் தோட்டச்சாமான்:
வணக்கம். பாகாவில் தோட்டச் சாமான் கடையில் வேலை செய்கிறேன். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட், 85 விழுக்காடு, இதுவரை சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்து வந்தோம். இப்போது சண்டாக்கானில் ஒருவர் கேட்டிருக்கிறார், கிள்ளான் துறைமுகம் வழியாகக் கப்பலில் போக வேண்டும். ஐந்து லிட்டர் கேன் நான்கை ஒரு கார்ட்டனில் அடுக்கலாம் என்று அட்டைப்பெட்டி வாங்கினோம். மூடியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் யு, என் எழுத்துகள், பக்கத்தில் 4ஜி/ஒய்25/எஸ்/24 என்று அச்சடித்திருக்கிறது. 20 லிட்டர் ஆசிட் 24 கிலோவுக்குள் வரும், 25-க்குக் கீழேதான், அப்படியானால் சரிதானே? பெட்டிக்கு வெளியே எடையைப் பெரிதாக எழுத வேண்டுமா என்றும் சொல்லுங்கள். முதலாளி தேவையில்லை என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

கிள்ளான் அண்ணன்:
தம்பி, சரியில்லை. வட்டத்துக்குள் இருக்கும் யு, என், ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. விதிப்படி சோதித்த பெட்டி என்பதற்கான குறி, 4ஜி என்றால் அட்டைப்பெட்டி. அந்த 25 ஆசிட்டின் எடை இல்லை, மொத்த எடை. ஆசிட், கேன், மூடி, நடுவில் செருகும் அட்டைத்தடுப்பு, பெட்டி, ஒட்டும் டேப் எல்லாம் சேர்த்து 25 கிலோவைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் அந்தப் பெட்டி தேறியது அந்த எடைக்குத்தான். 85 விழுக்காடு ஆசிட் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ, ஆசிட்டே 24 கிலோவைத் தொட்டுவிட்டால் மீதி ஒரு கிலோவுக்குள் நான்கு காலிக் கேனும் பெட்டியும் அடங்குமா? ஒன்றை முழுசாகக் கட்டித் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஒய் என்ற எழுத்து உங்களுக்குப் பொருந்தும். ஆபத்தைப் பொறுத்துச் சரக்கை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள், ஒன்றாம் பிரிவுதான் மிகவும் ஆபத்தானது. எக்ஸ் என்றால் மூன்று பிரிவுக்கும், ஒய் இரண்டுக்கும் மூன்றுக்கும், இஸட் மூன்றுக்கு மட்டும். உங்கள் ஆசிட் இரண்டாம் பிரிவு, அதனால் இஸட் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். எஸ் என்றால் திடப்பொருளுக்கு, அல்லது உள்ளே வேறு கலம் வைப்பதற்கு, அதனால் கேனில் திரவம் வைக்கலாம். 24 தயாரித்த வருடம், அதை எடை என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்டோர் கிராணி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பெட்டி இல்லாமல் 30 லிட்டர் ஜெரிகேனாகவே அனுப்ப நினைத்தால் அங்கே எண்ணின் அர்த்தமே வேறு. 3எச்1/ஒய்1.4/150 என்று பொறித்திருந்தால் 3எச்1 என்பது பிளாஸ்டிக் ஜெரிகேன், 1.4 எடை இல்லை, திரவத்தின் அடர்த்தி. தண்ணீரைவிட 1.4 மடங்கு கனமான திரவம் வரைக்கும் அந்தக் கேன் தாங்கும், 150 என்பது அழுத்தச் சோதனையில் தாங்கிய கிலோபாஸ்கல் அளவு. அடர்த்தி எண்ணே போடவில்லை என்றால் 1.2 வரைதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 85 விழுக்காடு அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளே நிற்கிறது, 94 விழுக்காடு ஆசிட் என்றால் தாண்டிவிடும். அதோடு 85-க்கு மேல் போனால் யுஎன் எண்ணும், அதாவது ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் எண்ணும், மாறும்: 85 வரை 3412, அதற்கு மேல் 1779, தீப்பற்றும் லேபலும் கூடவே ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் கேனில் தயாரித்த மாதமும் இருக்கும். அதிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்த பழைய கேனை எடுத்து நிரப்பும் வேலையே வேண்டாம். சரக்கு ஏற்றுகிற பையன் முகத்தில் ஆசிட் தெறித்தால் என்ன செய்வது?

கிள்ளான் அண்ணன்:
வெளியே எடை எழுதுவது பற்றிச் சொல்லவில்லையே. கப்பலில் போகும் சாதாரண கார்ட்டனுக்கு முதலாளி சொல்வது சரி, எடை சரக்குப் பத்திரத்தில் வந்தால் போதும். பெட்டி மேல் யுஎன் 3412, சரக்கின் முறையான பெயர், எட்டாம் வகுப்பு (அரிக்கும் பொருள்) லேபல், எதிரெதிர்ப் பக்கம் இரண்டில் மேல்நோக்கிய அம்புக்குறி வேண்டும். யுஎன் எண்ணின் எழுத்து 12 மில்லிமீட்டர் உயரம், 30 லிட்டர் அல்லது 30 கிலோவுக்குள் இருந்தால் 6 மில்லிமீட்டர் போதும். ஒரு டன்னும் அதற்கு மேலும் உள்ள பொதிக்குத்தான் வெளியே மொத்த எடை அழியாமல் எழுத வேண்டும் என்று 1929-லேயே அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டில் ஒப்பந்தம் போட்டார்கள். தூக்குகிறவன் எடை தெரியாமல் தூக்கக் கூடாது, அதுதான் காரணம். 1000 லிட்டர் தொட்டியில் இந்த ஆசிட் நிரப்பினால் 1200 கிலோவுக்குப் போய்விடும், அங்கே இது ஞாபகம் இருக்கட்டும். விமானம் என்றால் கணக்கு வேறு, பெட்டி மேலேயே அளவு எழுதச் சொல்லும் இடங்கள் உண்டு.

பாகாவ் தோட்டச்சாமான்:
ரொம்ப நன்றி அண்ணே. கட்டி நிறுத்துப் பார்த்தேன், 25 கிலோ 700 கிராம். மூன்று கேன் மட்டும் வைத்தால் ஏற்றுக்கொள்வார்களா, இல்லை வேறு பெட்டி தேட வேண்டுமா?

ஸ்டோர் கிராணி:
மூன்று வைக்கலாம், குறைவான எண்ணிக்கைக்கு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் காலியான இடத்தை நன்றாக அடைத்துவிட வேண்டும், கேன் உள்ளே ஆடவே கூடாது, அடைக்கும் பொருளும் 25 கிலோவில் சேர்த்திதான். முதலில் பெட்டி விற்றவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எந்தக் கேனோடு, எத்தனை வைத்துச் சோதித்தார்கள் என்று அதில் இருக்கும். உங்கள் கேன் அதோடு ஒத்துவரவில்லை என்றால் மூன்று வைத்தாலும் செல்லாது, அப்போது உங்கள் கேனோடு சோதித்த ஒய்30 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள், நான்கும் அடங்கும்.