ஜிமெயிலில் பாஸ்வேர்டும் ரெகவரி எண்ணும் மாறிவிட்டன, எப்படி மீட்பது?

கேள்வி: தறிக்கூடம்
ஜிமெயில் நேற்று இரவு தானாக லாக்அவுட் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு போட்டால் "4 மணி நேரத்துக்கு முன் மாற்றப்பட்டது" என்று வருகிறது. ரெகவரி எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் என்னுடையது இல்லை. பழைய சிம் கையில்தான் இருக்கிறது. புது லேப்டாப்பில் ஐந்து முறை முயன்றும் "இது நீங்கள்தான் என உறுதிசெய்ய முடியவில்லை" என்றே சொல்கிறது. ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் இந்த மெயிலில்தான். உதவுங்கள்.

பதில்: நீலமலை
முதலில் புது லேப்டாப்பை மூடி வையுங்கள் சார். கூகுள் பதிலை மட்டும் பார்ப்பதில்லை. எந்தக் கருவி, எந்த பிரவுசர், எந்த இடம் என்பதையும் பார்க்கிறது. அதற்குப் பழக்கமில்லாத கருவியில் சரியான பதில் கொடுத்தாலும் தட்டிவிடும். இத்தனை நாள் ஜிமெயில் ஓடிய போனை எடுங்கள். வீட்டு வைஃபையில் இருங்கள். விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு, ஜி டாட் கோ ஸ்லாஷ் ரெகவர் பக்கத்துக்குப் போங்கள்.

நீங்கள் கவலைப்படும் ரெகவரி எண்ணுக்கு வழி இருக்கிறது. எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ பழைய ரெகவரி மெயிலுக்கோ கோடு (சரிபார்ப்பு எண்) அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் தரலாம். அதனால் நாள் கடத்த வேண்டாம். "வேறு வழியில் முயல்க" என்பதை அழுத்திக்கொண்டே போனால் அந்த எண் தென்படும். பழைய பாஸ்வேர்டைக் கேட்டால் நினைவில் உள்ளதைப் போடுங்கள், காலியாக விடாதீர்கள். ஊகம் தப்பானாலும் வெளியே தள்ளாது.

பதில்: வலைக்காவலன்
ஒன்று சேர்க்கிறேன். தேடினால் "கூகுள் கஸ்டமர் கேர்" என்று நிறைய எண்கள் வரும். எதையும் அழைக்க வேண்டாம். கூகுள் போனில் கணக்கு மீட்டுத் தருவதில்லை, பணமும் கேட்பதில்லை. அந்தப் போலி எண்களில் பேசுபவர்கள் கேட்கப்போவது உங்கள் ஓடிபியை.

கேள்வி: தறிக்கூடம்
பழைய சிம்முக்கே கோடு வந்தது, உள்ளே போய்விட்டேன்! பாஸ்வேர்டும் மாற்றிவிட்டேன். ஆனால் பேங்க் மெயில் மட்டும் வருவதே இல்லை. பேங்க்கில் கேட்டால் அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள்.

பதில்: நீலமலை
ஃபில்டர், அதாவது வரும் மெயிலைத் தானாக ஒதுக்கும் விதி, போட்டிருப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினால் திருடன் வெளியே போவான், அவன் போட்ட விதிகள் போகாது. கம்ப்யூட்டர் பிரவுசரில் திறங்கள், போன் ஆப்பில் இவை தெரியாது. பல்சக்கரம், "எல்லா அமைப்புகளையும் காண்க". அங்கே மூன்று இடம்:

ஃபில்டர்கள்: பேங்க் பெயர் அல்லது "ஓடிபி" வந்தால் இன்பாக்ஸைத் தவிர், அழி என்று இருக்கும்.
ஃபார்வர்டிங், பாப், ஐமேப்: தெரியாத முகவரிக்கு நகல் போகிறதா?
கணக்குகள்: வேறொருவருக்கு அணுகல் தரப்பட்டிருக்கிறதா, பதில் போகும் முகவரி மாறியிருக்கிறதா? இந்தப் பதில் முகவரியைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். வியாபாரிகள் உங்களுக்கு எழுதும் பதில் திருடனுக்குப் போகும், அவன் உங்கள் பெயரில் வேறு பேங்க் கணக்கு எண் கொடுப்பான்.

அழித்த மெயில்கள் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும்.

பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதி. தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். மூன்றாம் தரப்பு ஆப் அனுமதி, ஆப் பாஸ்வேர்டு (ஒரு ஆப்புக்கென்று தனியாக உருவாக்கிய பாஸ்வேர்டு), பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, ஸ்கிரீன் லாக்கால் நுழையும் வழி) மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அனுமதி பெற்ற ஆப், பாஸ்வேர்டு மாறினாலும் உள்ளேயே இருக்கலாம். இரண்டடுக்கு சரிபார்ப்பில் அவன் சேர்த்த எண்ணோ ஆதென்டிகேட்டரோ (கோடு காட்டும் ஆப்) இருந்தால் நீக்கிவிட்டு, போன் கையில் இல்லாதபோது உதவும் பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள். 10 கோடு வரும், பழையவை அதோடு செல்லாது. தாளில் எழுதி வையுங்கள்.

பதில்: வலைக்காவலன்
காசு கொடுக்காமல் திருட்டுப் பதிப்பு மென்பொருள் இறக்கிய கம்ப்யூட்டராக இருந்தால், அதில் மாற்றிய பாஸ்வேர்டு பயன்படாது. அதோடு மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) வந்திருந்தால், அது பிரவுசர் குக்கீயை, அதாவது நீங்கள் லாகின் செய்திருப்பதைக் காட்டும் சிறு பதிவை, திருடும். குக்கீ கிடைத்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே வரலாம். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டு, பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: தறிக்கூடம்
இரண்டு ஃபில்டர், ஒரு ஃபார்வர்டிங் முகவரி இருந்தன. பேங்க் மெயில்கள் குப்பைத் தொட்டியில் அப்படியே இருக்கின்றன. இப்போது எல்லாவற்றையும் நீக்கிவிடட்டுமா?

பதில்: நீலமலை
நீக்கும் முன் ஒவ்வொன்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள் சார். ஜிமெயிலின் அடியில் வலப்பக்கம் "விவரங்கள்" என்று இருக்கும், அதில் உள்ள ஐபி முகவரிகளையும் சேர்த்து எடுங்கள். பேங்க்கில் பணம் போயிருந்தால் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.