மிதக்கும் பிள்ளையும் ஆத்தங்குடித் தரையும்: பள்ளியில் படம் ஒட்டக் கற்றுத் தரலாமா?

கோட்டையூர் டீச்சர்:
எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் ஒரு புகைப்படச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறேன். பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீட்டில், வீட்டார் அனுமதியோடு, ஒரே இடத்தில் சில படங்கள் எடுத்து அவற்றை ஒரே படமாக இணைக்க வேண்டும். முற்றத்தில் ஒரு பெண் தரையைத் தொடாமல் மிதக்கிறாள். வீட்டின் உள்கட்டான வளவில் ஒரே பையன் மூன்று தூணிலும் சாய்ந்து நின்று தன்னோடு தானே பேசிக்கொள்கிறான். இணைக்கும் வேலைக்கு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும், காசு கிடையாது. இதைப் பார்த்த ஒரு பெற்றோர், "பிள்ளைகளுக்குப் பொய்ப்படம் பண்ணவா சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்டார். உங்கள் கருத்து என்ன?

பழைய வீடு:
டீச்சர், நான் அந்தப் பெற்றோர் பக்கம். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நம் பக்கத்து வீடுகளைப் படமெடுத்து வைப்பவன் என்பதால் சொல்கிறேன். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், பராமரிக்க முடியவில்லை, ஒருநாள் வீட்டைப் பிரித்துவிடுகிறார்கள். நிலை, கதவு, தூண் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விடும். அப்புறம் அந்த வீட்டுக்கு மிச்சம் படம் மட்டும்தான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. இந்த நேரத்தில் ஆவணத்தில் கலப்படம் வரலாமா?

நடந்ததையே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது, கானாடுகாத்தான் வீடு என்று. கதவு ஒரு வீட்டினது, திண்ணை வேறு வீட்டினது. கதவுச் செதுக்கலில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது, திண்ணைத் தூணின் நிழலோ அதே இடப்பக்கம் சாய்கிறது. இரண்டு சூரியனா இருக்கிறது? ஆனால் அதை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள்.

தேவகோட்டை ஸ்டூடியோ:
அண்ணே, எங்கள் அப்பா காலத்திலேயே ஸ்டூடியோவில் ஒட்டுவேலை உண்டு. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர் படம் ஒன்று இருக்கும், ஊரில் இருந்த அவர் மனைவி, ஆச்சி படம் ஒன்று இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படமே இருக்காது. பிளேடால் நறுக்கி, ஒட்டி, தூரிகையால் ஓரத்தை மறைத்து, மறுபடி கேமராவில் காப்பி எடுத்துக் கொடுப்பார். அந்தப் படத்தை மாலை போட்டு மாட்டி வைத்துக் கும்பிட்டார்களே, யார் பொய் என்றார்கள்?

பழைய வீடு:
தம்பி, அந்த வீட்டாருக்குத் தெரியும், அதனால் பொய் இல்லை. பேரன் பேத்திக்கு யார் சொல்வது? 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் அட்டைப்படத்தில் கிசா பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி வைத்தார்கள். நெடுக்குவாட்டு அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அதற்கே பெரிய சர்ச்சை வந்தது. பெரிய பத்திரிகைக்கே இப்படி என்றால், பதினான்கு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?

கோட்டையூர் டீச்சர்:
சார், இரண்டு சூரியனை நீங்கள் கண்டுபிடித்தீர்கள் அல்லவா? நூற்றுக்கணக்கானோருக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறேன். மிதக்கும் பெண் படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முக்காலியில் அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள். தாவணி நுனியை இன்னொருத்தி நூல் கட்டி இழுத்துப் பிடித்தாள். ஸ்டாண்ட் இல்லாததால் போனைத் தூணோடு சேர்த்துக் கட்டினோம். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினோம். இல்லாவிட்டால் போன் தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை மாற்றிவிடும். அப்புறம் அவளும் முக்காலியும் நகர்ந்ததும், கட்டியதை அவிழ்க்காமல் வெறும் முற்றத்தை எடுத்தோம். உடனே எடுக்க வேண்டும், முற்றத்து வெயில் நகர்ந்தால் தூண் நிழலும் நகர்ந்துவிடும்.

கணினியில் வெறும் முற்றத்தைக் கீழே போட்டு, பெண் இருக்கும் படத்தை மேலே வைத்து, மேல் படத்தில் வேண்டாத இடத்தை மறைக்கும் லேயர் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் முக்காலியை மறைத்தார்கள். முக்காலி போய்விட்டது. "டீச்சர், தரையில் மட்டும் முக்காலி இருக்கு" என்றான் ஒருவன். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்ப்பது, துடைக்கத் துடைக்கப் பளபளக்கும். அதில் முக்காலிக் காலின் பிரதிபலிப்பு அப்படியே இருந்தது! அதையும் மறைத்தார்கள். ஆனால் அவளுடைய நிழலையும் பிரதிபலிப்பையும் விட்டுவைக்க வேண்டும், அவையும் போனால் ஒட்டியது தெரிந்துவிடும். அன்று முழுக்க அந்தப் பையன் பார்த்த படத்திலெல்லாம் தரையைத்தான் தேடினான்.

இந்த வேலை போட்டோஷாப்போடு வந்ததும் இல்லை. 1857-லேயே ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் அச்சிட்டார். அந்தக் காலத்துத் தகடுகளில் நீல நிறம் அளவுக்கு மீறிப் பதியும், வானம் வெளுத்துப் போகும். அதனால் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு தகட்டிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்தார். கண் பார்த்ததைக் கருவி பார்க்கவில்லை என்பதால் செய்த ஒட்டு அது.

பள்ளத்தூர் அம்மா:
நீங்கள் எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் வேறு. இதே வித்தையில்தானே பொண்ணுங்க முகத்தை எடுத்து மார்பிங் பண்ணுகிறார்கள்? வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய படமும் எல்லோர் போனிலும் இருந்தால் என்ன ஆகும்?

கோட்டையூர் டீச்சர்:
சரியான கேள்வி அக்கா. படம் பள்ளிப் போனில்தான் எடுக்கிறோம், கணினி ஆய்வகத்தை விட்டு வெளியே போவதில்லை. சம்மதம் இல்லாமல் ஒருவர் முகத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டோம். இன்னொன்றும் சொல்வேன். முகத்தை ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்த பெண் பிள்ளை, நாளைக்கு யாராவது அப்படி மிரட்டினால் கூனிக் குறுக மாட்டாள். "இது ஒட்டின படம்" என்று வீட்டில் வந்து சொல்வாள்.

பள்ளத்தூர் அம்மா:
அதை எழுத்தில் பெற்றோருக்குக் கொடுங்கள். என் மகளை அனுப்புகிறேன்.

பழைய வீடு:
முக்காலிக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கோடு போடுங்கள் டீச்சர். மனிதர்கள் மிதக்கட்டும், பறக்கட்டும். கதவு, தூண், கல், ஓடு இவற்றில் கை வைக்கக்கூடாது. கண்காட்சியில் மூலப்படங்களையும் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

கோட்டையூர் டீச்சர்:
மூலப்படம் மாட்டுவதற்குச் சம்மதம். படத்துக்குள்ளேயே "இணைத்த படம்" என்று எழுதவும் செய்வோம், அப்போதுதான் பகிர்ந்தாலும் கூடவே போகும். ஆனால் முதல் நிபந்தனையை ஏற்க முடியாது. ஒரு மாணவி, அதே வீட்டில் உடைந்துபோன வண்ணக் கண்ணாடி ஜன்னலை, எதிர்ப்பக்கத்தில் இன்னும் இருக்கும் ஜன்னலிலிருந்து எடுத்துப் பொருத்திக் காட்ட நினைக்கிறாள். அந்த வீட்டு ஆச்சிக்கே அதைப் பார்க்க ஆசை. அதை எப்படித் தடுப்பேன்?

பழைய வீடு:
அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. மிதக்கும் பெண்ணை யாரும் நம்பமாட்டார்கள், ஜன்னலை நம்பிவிடுவார்கள். எதிர்ப்பக்கக் கண்ணாடியும் இதுவும் ஒரே நிறம் என்று யார் சொன்னது?

தேவகோட்டை ஸ்டூடியோ:
கிழிந்த படத்தைச் சரிசெய்து தரும்போது நாங்கள் செய்வதும் இதுதானே அண்ணே. பாதி முகம் போயிருந்தால் மறுபாதியைத் திருப்பிப் போடுவோம்.

பழைய வீடு:
அதனால்தான் அது அவர் முகம்போல் இருப்பதில்லை தம்பி.

டீச்சர், எந்த வீடு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்தத் தெருவில் ஜன்னல்கள் உடையுமுன் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்த வீடும் அதில் இருந்தால் சனிக்கிழமை பென்டிரைவில் கொண்டுவருகிறேன். பிள்ளை அதைப் பார்த்துப் பொருத்தட்டும், ஊகத்தில் வேண்டாம். இல்லை என்றால் அந்த ஜன்னல் உடைந்தபடியே இருக்கட்டும்.