1918 பத்து ரூபாய் நோட்டில் உப்புப் பூக்கிறது. கழுவலாமா?

சத்துவாச்சாரி_காசு:
வணக்கம். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு நோட்டு ஏற்றி வந்த ‘ஷிராலா’ கப்பலோடு மூழ்கி மீண்ட பத்து ரூபாய் நோட்டு ஒன்று என்னிடம் உள்ளது. தேதி 1918 மே 25, கையெழுத்து போடாதது, ஏலத்தில் விற்றதற்கான ரசீதோடு வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நோட்டு துவண்டு போகிறது. சித்திரை வெயிலில் மொடமொடவென்று ஆகி, நடு மடிப்பில் வெள்ளையாகப் பூக்கிறது. லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டிகள். ஓரமெல்லாம் பழுப்பு, ஒரு மூலையில் துரு. இப்போது ஆல்பத்தின் பிவிசி உறையில் இருக்கிறது. அயர்ன் செய்து லேமினேட் பண்ணச் சொல்கிறார் ஒருவர், ஷாம்பு தண்ணீரில் அலசச் சொல்கிறார் இன்னொருவர். வழி சொல்லுங்கள்.

பழந்தாள்:
இரண்டும் வேண்டாம் தம்பி. முதல் வேலையாக பிவிசி உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது எண்ணெய் கசியும், அமிலமும் விடும்.

நீங்கள் பார்ப்பது கடல் உப்பு. சோடியம் குளோரைடு சுமார் 75 சதவீதக் காற்று ஈரத்தில் கரையும், காய்ந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் அந்தப் படிகம் தாளின் நாரை நெம்பித் தள்ளுகிறது, அதனால்தான் மடிப்பில் முதலில் தெரிகிறது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும் என்பதால் கோடையிலும் நோட்டு முழுசாகக் காயாது. பக்கத்தில் துரு வேறு. ஈரமும் இரும்பும் சேர்ந்தால் தாள் அந்த இடத்தில் அரித்துப் பொடியும்.

1928-இல் நாசிக் அச்சகம் வரும்வரை நம் நோட்டுகள் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில், கந்தல் கூழில் செய்த தாளில் அச்சானவை. 1918 ஜூலை 2-ஆம் தேதி கப்பல் மூழ்கிய பிறகும் கட்டின் நடுவில் இருந்தவை பிழைக்க அதுவும் ஒரு காரணம். உப்பு போய்விட்டால் இந்தத் தாள் நன்றாக நிற்கும்.

கோட்டைவாசல்:
கழுவுவதற்கு முன் ஒரு வார்த்தை. கழுவிய நோட்டுக்குத் தரம் குறைப்பார்கள். அந்தப் பழுப்புதான் கப்பலுக்குச் சாட்சி. உப்புப் பூப்பதால் உங்கள் நோட்டுக்குக் கழுவல் தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கறையை வெளுக்க எதையும் தொடாதீர்கள். இரு பக்கமும் நேர் வெளிச்சத்திலும் சாய்வு வெளிச்சத்திலும் படம் எடுத்து, செய்ததை எழுதி வையுங்கள். விற்கும்போது கழுவியதைச் சொல்லியாக வேண்டும். கை நடுங்கினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் முதலில் கேளுங்கள்.

சத்துவாச்சாரி_காசு:
நன்றி அண்ணா. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறது, போதுமா? இல்லை, பேட்டரிக் கடை தண்ணீரா?

பழந்தாள்:
குழாய், போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் உப்பு இறங்கிய நிலத்தடி நீர், அதே குளோரைடைத்தான் திரும்ப ஏற்றும். ஆர்.ஓ. கேனிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரித் தண்ணீரில் சில நேரம் அமிலம் கலந்திருக்கும், பிஎச் தாளில் பார்க்காமல் நம்பாதீர்கள். காலேஜ் லேபுகளுக்குச் சப்ளை செய்யும் கடையில் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 5-க்குக் கீழே காட்ட வேண்டும்.

முதலில் மை சோதனை. வரிசை எண்ணின் ஒரு இலக்க ஓரத்தில் ஊசிமுனை அளவு ஈரம் வைத்து, பிளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்) துண்டால் அரை நிமிடம் ஒற்றுங்கள். ஒவ்வொரு நிற மைக்கும் இப்படிப் பாருங்கள். எந்த நிறமாவது இறங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய துளி வைத்தால் காயும்போது அதைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும், அது போகாது.

அதே காரணத்தால் முழு நோட்டும் ஒரே நேரத்தில் நனைய வேண்டும். இரண்டு பாலியஸ்டர் நெட் துணிகளுக்கு நடுவில் வைத்து, ஸ்பிரேயில் பனி போல அடித்து, பிறகு நெட்டோடு சேர்த்தே 500 மில்லி தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் தட்டில் இறக்குங்கள். ஈரத்தாளை விரலால் தூக்கினால் கிழியும், எப்போதும் நெட்டைப் பிடித்தே தூக்க வேண்டும். தையல் கடை ஃபியூசிங் துணியில் பசை இருக்கும், அதை வாங்காதீர்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். எத்தனை முறை என்பதை மீட்டர் சொல்லும். தாள் 15 நிமிடம் கிடந்த பிறகும், புதுத் தண்ணீரில் காட்டியதைவிட 2, 3-க்கு மேல் ஏறவில்லை என்றால் அநேகமாக முடிந்தது. உறுதி செய்ய, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு துளி நைட்ரிக் அமிலம், இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. சில்வர் நைட்ரேட் தோலைக் கருக்கும், கையுறை போடுங்கள். நோட்டின் பக்கத்தில் புட்டியே வரக் கூடாது.

கடைசிக் கழுவலில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்தால் தாளுக்கு நல்லது.

கோட்டைவாசல்:
சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. பச்சை, நீல மையில் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி இருந்தால் சுண்ணாம்பின் காரத்தில் நிறம் கெட்டுப் பழுப்பாகும். மை இன்னதென்று தெரியாத நோட்டுக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டரோடு நிறுத்துவதே பத்திரம்.

பழந்தாள்:
சரிதான், சுண்ணாம்பை விட்டுவிடுங்கள் தம்பி. காய வைப்பது: பிளாட்டிங் பேப்பர், நெட், நோட்டு, நெட், பிளாட்டிங் பேப்பர், மேலே 3 மி.மீ. கண்ணாடி. கால் மணியில் பிளாட்டிங்கை மாற்றுங்கள், பிறகு ஒரு மணியில், பிறகு நாளுக்கு இரண்டு முறை. கண்ணாடியின் எடை போதும். பாரம் ஏற்றினால் தாளின் மேடு பள்ளம் செத்து, நோட்டு சப்பையாகிவிடும். வெயில், ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது.

அப்புறம் இரண்டு பக்கம் திறந்த மைலார் (பாலியஸ்டர் ஃபிலிம்) உறை. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். 30-க்குக் கீழே போனால் தாள் நொறுங்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி உறையிலும் தாளிலும் படியும்.

ஆற்காடு_நோட்டு:
அதே கப்பலின் ஒரு ரூபாய் நோட்டு மூன்று, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. பிரிக்க முடியுமா சார்?

பழந்தாள்:
காய்ந்த நிலையில் நகத்தால் நெம்பாதீர்கள், ஒன்றின் மை இன்னொன்றில் உரிந்து வரும். மை சோதனை தேறினால் மட்டும், நெட்டுக்குள் அப்படியே தண்ணீரில் விட்டு, ஊறி ஓரம் தானாகத் தூக்கும்வரை பொறுங்கள். தூக்கிய இடத்தில் மெல்லிய மைலார் துண்டை நுழைத்து, தண்ணீருக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போங்கள். தடுத்தால் நிறுத்துங்கள். மூன்றாக ஒட்டிய கட்டு ஒட்டியபடியே இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு, உப்பை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே காய வைக்கலாம்.