டீயும் ரெண்டு தலைவலி மாத்திரையும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லாரும் போடுற மாத்திரைதானுங்க. பாராசிட்டமால், கஃபீன், கூட இன்னொரு வலி மருந்து. நான் செக்கிங் செக்‌ஷன். ட்யூப்லைட்டுக்குக் கீழ பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா பதினோரு மணிக்கெல்லாம் நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்கும். டீ டைம்ல கேட் பக்கத்துப் பெட்டிக்கடையில ஒரு டீ, ஒரு மாத்திரை. மொதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள். ஷிப்மென்ட் சீசன்ல தெனமும். அப்புறம் சீசன் முடிஞ்சும் தெனமும்.

மனசுல நிக்கிறது ஒரு ஞாயித்துக்கெழமை. கம்பெனி லீவு, கடை அடைப்பு. காத்தால எந்திரிக்கும்போதே வலி. வீடு பூரா தேடுனேன். அவர் சட்டைப் பாக்கெட், அஞ்சறைப் பெட்டி, அரிசி டப்பாக்குள்ள கூட கைய விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் அரிசி மாவு. திரும்பினா நாலாவது படிக்கிற மக நிக்கிறா. "அம்மா, நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன். கேட்டாத் தரமாட்டேன்"னா. அடிக்கக் கை ஓங்கிட்டேனுங்க. மாத்திரைக்காக.

கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர் ஒரு காலண்டரைக் குடுத்து, போட்ட நாளையெல்லாம் சுழிச்சுட்டு வரச் சொன்னார். ஒரு மாசத்துல 26 சுழி. இந்த மாதிரி கலப்பு மாத்திரைய மாசம் 10 நாளு, அதுக்கு மேல, மூணு மாசத்துக்கும் அதிகமாப் போட்டா அதுவே தலைவலியக் கொண்டுவரும்னார். தனிப் பாராசிட்டமாலுக்கு 15 நாள் கணக்காம். நிறுத்தின மறுநாள்ல இருந்து ஒரு வாரம், அது வேற கதை. கஃபீன் விட்ட வலியும் சேர்ந்துக்கிச்சு. இப்ப மாசம் மூணு சுழி, நாலு சுழி.

பழைய பேப்பர்

அக்கா, தப்பா எடுக்காதீங்க. நான் இருபது வருசமா லாரி ஓட்டுறேன், இருபது வருசமா அதே மாத்திரை. ஒண்ணும் ஆகல. போட்டு அஞ்சு நிமிசத்துல ரோடு பளிச்சுனு தெரியும். உங்க ஒடம்பு வாகு அப்படி. இதுக்கெல்லாம் நரம்பு டாக்டர்கிட்டப் போனா அவங்க பொழப்பு ஓடணும்ல, சொல்லத்தான் செய்வாங்க.

நான் சொல்றதைக் கேளுங்க. காலையில வெறும் வயித்துல வெதுவெதுன்னு தண்ணி ஒரு சொம்பு. சுக்கை உரசி நெத்தியில பத்து. எரியும், பரவால்ல. ராத்திரி தலைக்கு நல்லெண்ணெய். ஏசி கூடாது. தயிர் சாயந்திரத்துக்கு மேல கூடாது. செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடிங்க. கண்ணாடிக் கடையில பவர் பாத்துக்கங்க. எங்க மாமியாருக்கு எல்லாம் பண்ணியும் போகல, கடைசியில பல்லுதான் காரணம், ரெண்டு பல்லைப் புடுங்கினதும் போயிடுச்சு. அதனால பல்லையும் பாத்துருங்க. மாத்திரை போட்டே ஆகணும்னா சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க, அப்பத்தான் ஜிவ்வுனு கேட்கும்.

மெடிக்கல்காரன் (மதுரைப் பக்கம்)

கடைசி வரியை மட்டும் யாரும் கேக்காதீங்க. ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் இருக்கிற எதையும் வெறும் வயித்துல போடவே கூடாது. பேப்பர் அண்ணே, ரோடு பளிச்சுனு தெரியுறது கஃபீன் வேலை. வலி போனதுக்கும் முழிப்புத் தட்டுனதுக்கும் வித்தியாசம் இருக்கு.

என் கதை. கடைக்கு ஒரு கொத்தனார் வருவார், அம்பது தாண்டினவர். "தம்பி, தலைவலிக்கு ரெண்டு." அவ்வளவுதான் பேச்சு. இப்யூப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 சேர்ந்தது கேப்பார், அட்டையில ரெண்டு வெட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் மக வந்துச்சு. கையில கவர். கல்லாப் பெட்டி மேல கொட்டுச்சு. எல்லாம் வெட்டுன துண்டு அட்டை. ஒரு துண்டுல "...ளோ..."ன்னு மட்டும் இருக்கு, ஒண்ணுல வெறும் 325, ஒண்ணுல காலாவதித் தேதியில பாதி. "அப்பாவுக்குக் கரி மாதிரி வெளிய போகுது, ஆஸ்பத்திரியில என்ன மாத்திரைன்னு கேக்குறாங்க, இதுல எதுண்ணே?"

எனக்கே தெரியல. நான் வெட்டினதும் இருந்துச்சு, வேற கடையில வாங்குனதும் இருந்துச்சு. உக்காந்து ஒட்டவச்சுப் பாத்தேன். முட்டி வலிக்குன்னு அசெக்ளோஃபெனாக் கலந்தது ஒருபக்கம், தலைவலிக்கு என்கிட்ட இப்யூப்ரோஃபென் கலந்தது ஒருபக்கம். ரெண்டும் ஒரே இனம், ரெண்டும் குடலை அரிக்கும். ரெண்டுலயும் பாராசிட்டமால் வேற. அவரைப் பொறுத்தவரை ஒண்ணு முட்டி மாத்திரை, ஒண்ணு தலைவலி மாத்திரை. வயித்துக்குள்ள போனப்புறம் அது முட்டியா தலையான்னு பாக்குமா? எண்டோஸ்கோப்பி பண்ணி, ரத்தம் ஏத்திப் பொழைச்சார். இப்ப நான் பேரு இருக்கிற பக்கம் வாங்குறவங்க கைக்குப் போற மாதிரித்தான் வெட்டுறேன். மிச்ச அட்டையில பேரு இல்லாமப் போனா அது என்கிட்டயே கெடக்கட்டும்.

பழைய பேப்பர்

அப்ப வித்தது நீங்கதானே தம்பி? எங்களை ஏன் திட்டுறீங்க?

மெடிக்கல்காரன்

ஆமாண்ணே. நான்தான் வித்தேன்.

நாஞ்சில் மழை

சண்டையை நிறுத்துங்க, என் அவமானத்தைக் கேளுங்க.

எனக்கு உதட்டோட இடது ஓரத்துல பத்து பைசா அளவுக்குக் கருப்பு. எப்பவும் இருக்காது. எப்போவெல்லாம் பொண்ணு பார்க்கப் போறோமோ அப்போ சரியா வரும். முதல்ல எரியும், சிவக்கும், அப்புறம் கருத்துப்போய் மாசக்கணக்குல கெடக்கும். ரெண்டு இடம் காரணம் சொல்லாமத் தட்டிப்போச்சு. மூணாவது இடத்துல பொண்ணோட தாய்மாமன் "வாங்க மாப்ள, தோட்டத்தைக் காட்டுறேன்"னு தென்னைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனார். பாக்கெட்டைத் தட்டி ஒரு சிகரெட்டை நீட்டினார். "சும்மா எடுங்க மாப்ள, எங்களுக்குத் தெரியும்." நான் வாழ்க்கையில பீடியைக்கூடத் தொட்டதில்லை. இல்லைன்னு சொல்லச் சொல்ல அவர் என் உதட்டையே பாத்துட்டு நிக்கார்.

தோல் டாக்டர்தான் கேட்டார், "தலைவலிக்கு என்ன போடுவீங்க?" அப்பத்தான் உறைச்சது. பொண்ணு பார்க்கப் போற நாள்ல டென்ஷன், தலைவலி, மாத்திரை. சிலருக்குக் குறிப்பிட்ட மருந்து ஒத்துக்காம ஒரே இடத்துல திட்டு விழுமாம், திரும்பப் போட்டாத் திரும்ப அதே இடத்துல. ஒரே மாத்திரையில மூணு மருந்து இருந்தா எது குத்தவாளின்னு கண்டுபிடிக்கிறதுதான் பாடு. தனிப் பாராசிட்டமால் போட்டேன், வரலை. காப்பி தெனமும் குடிக்கேன், வரலை. மிச்சம் ஒண்ணு. ஒரு துண்டுச் சீட்டுல அதோட பேரை எழுதி பர்ஸ்ல வச்சிருக்கேன். கல்யாணம் நாலாவது இடத்துல முடிஞ்சது, கவலைப்படாதீங்க.

வடமராட்சிக் காத்து

உங்கட ஊரில பெட்டிக்கடையில, எங்கட ஊரில வீட்டு அலமாரியில. பழைய குளிசை, உங்கட மாத்திரை, எதையும் எறியமாட்டினம்.

அத்தானுக்கு மூண்டு நாள் காய்ச்சல், தலையிடி எண்டால் கண்ணுக்குப் பின்னால குத்துற தலையிடி. பனடோல் (உங்கட பாராசிட்டமால்) கேக்கேல்லை எண்டு மாமி, தான் பல்லுப் பிடுங்கேக்க தந்த வலிக் குளிசையை, டைக்ளோஃபெனாக், குடுத்திட்டா. தலையிடி நிண்டிட்டுது. எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த நாள் விடிய அத்தான் பல்லுத் தீட்டித் துப்பினார், நுரை முழுக்கச் சிவப்பு. ஆஸ்பத்திரியில டெங்கு எண்டு சொல்லிச்சினம். டொக்டர் கேட்டது ஒண்டுதான்: "பனடோலைத் தவிர வேற ஏதும் குடிச்சவரோ?" மாமி வாயே திறக்கேல்லை. சீலைத் தலைப்பால கையை மூடிக்கொண்டு நிண்டா. அந்தக் கைக்குள்ளதான் குளிசை மட்டை. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்துக் குடுத்தனான். டெங்குவில இரத்தத்தை உறைய வைக்கிற தட்டுகள் ஏற்கெனவே குறையும், அதுக்குள்ள ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போனால் கசிவு கூடும். அத்தான் தப்பிட்டார். மாமி இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.

ஜெர்சிக்காரி

அம்மா இங்க நியூ ஜெர்சி வந்த ரெண்டாம் நாள். தூக்கம் இல்லாம தலைவலி. ஊர்ல இருந்து கொண்டுவந்த டோலோ 650 ஒண்ணு போட்டாங்க, கேட்கல. நான் மைக்ரேனுக்குன்னு இங்க கடையிலேயே விக்கிறதை ரெண்டு கொடுத்தேன். "இதுல பாராசிட்டமால் இருக்காடி?"ன்னு கேட்டாங்க. டப்பாவைத் திருப்பிப் பார்த்து "இல்லம்மா, அசிட்டமினோஃபென்"னு சொன்னேன். எம்பிஏ படிச்சவ. அமெரிக்காவுல பாராசிட்டமாலுக்கு அதுதான் பேர்.

அதைவிடப் பெருசு அடுத்தது. ஒரு மாத்திரையில அசிட்டமினோஃபென் 250, ஆஸ்பிரின் 250, கஃபீன் 65. ரெண்டு போட்டா ஆஸ்பிரின் 500. அம்மாவுக்கு இதய ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வச்சு, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஏற்கெனவே ஓடுது. சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கும்போது விரல்ல சின்னதா ஒரு கீறல். மூணு கிச்சன் டவல் நனைஞ்சும் நிக்கல. பாய்சன் கண்ட்ரோலுக்குப் போன் பண்ணினேன், விஷம், மருந்து அதிகமானது பத்திக் கேக்கிற இங்கத்த ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க. அந்தப் பக்கம் இருந்தவங்க ஒவ்வொரு டப்பாவையும் வாசிக்கச் சொல்லி மில்லிகிராம் கூட்டினாங்க. பாராசிட்டமால் 650ம் 500ம் 1150, பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4000, அது பயமில்லை, ரத்தத்தைப் பாருங்கன்னாங்க. அம்மா விரலை உயரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "வெண்டைக்காயை மூடி வை, வழவழத்துடும்"ங்கிறாங்க.

ஓய்வு வாத்தியார்

லாரி ஓட்டும் தம்பிக்கு. "ஒண்ணும் ஆகல" என்று என் அப்பாவும் சொன்னவர்தான். அவர் காலத்தில் ஏ.பி.சி. மாத்திரை. ஆஸ்பிரின், ஃபெனசெட்டின், கஃபீன். அரசு ஆஸ்பத்திரியில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது தெரிந்து 1983இல் இங்கே ஃபெனசெட்டினைத் தடை செய்தார்கள். அப்பாவுக்கும் சிறுநீரகம்தான் போயிற்று, மாத்திரையாலா சர்க்கரையாலா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. தலையணைக்குக் கீழே அந்த மடித்த காகிதம் கடைசிவரை இருந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கலப்பு மருந்துகளுக்குத் தடை போட்டபோது பட்டியலில் நமக்குப் பழக்கமான தலைவலி மாத்திரையும் இருந்தது. சில நாளில் உச்ச நீதிமன்றம் அதை விற்க இடைக்காலமாக அனுமதித்தது, 2019இல் தடையிலிருந்து விலக்கும் கிடைத்துவிட்டது. அது சரியா தவறா என்று நான் வாதாட வரவில்லை.

தம்பி, இருபது வருடப் பழக்கம் என்றால் ஒருமுறை கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை பழகாத வலி திடீரென்று இடி மாதிரி இறங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ, அப்போது மாத்திரையைத் தேடாதீர்கள், வண்டியை ஓரங்கட்டி 108ஐ அழையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி ஆரம்பித்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். தயிர் சாயங்காலம் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

பழைய பேப்பர்

தயிர் விசயத்துல நான் ஒத்துக்கமாட்டேன் சார். ரத்த டெஸ்ட்டு வேணா பாக்குறேன். நாமக்கல் போறப்ப.

நாஞ்சில் மழை

திருப்பூர் அக்கா, ஒண்ணு கேட்கட்டா? பாப்பா எங்கதான் ஒளிச்சு வச்சிருந்தா?

நூல்கண்டு (திருப்பூர்)

அவ ஜியாமெட்ரி பாக்ஸ்லங்க. நான்தான் வாங்கிக் குடுத்தது.