இருமலா கெம்மலா? இந்தப் பேரெல்லாம் எங்க இருந்து வந்துச்சு

தளி ரோட்டுக்காரன்:
மக்களே ஒரு டவுட்டு. எங்க வீடு தேன்கனிக்கோட்டை பக்கம், ராத்திரி யாராச்சும் இருமுனா பாட்டி "ஏன்டா இப்டி கெம்முற, மிளகு கஷாயம் வெக்கட்டுமா"ன்னு கேக்கும், தர்மபுரில இருந்து வந்த என் வீட்டுக்காரி அத கேட்டு ஒரே சிரிப்பு. கெம்முறது தமிழா இல்லையா? இருமல்ங்கற பேரு எப்டி வந்துச்சு? இரு + மல்னு பிரிச்சு வாட்ஸ்அப்ல ஒருத்தர் நீட்டி விளக்கம் அனுப்பிருக்காரு, நம்புற மாதிரி இல்ல.

ஓசூர் ரோஜா:
கெம்மு கன்னடம் ப்ரோ. தெலுங்குல தக்கு. எங்க தெருவுல மூணுமே கேக்கும். கக்குவான் இருமலுக்கு கன்னடத்துல நாயி கெம்மு, கேக்கவே எப்டி இருக்கு பாருங்க.

அரூர் வாத்தி:
இரு + மல் சும்மா அடிச்சு விட்டது. இருமுங்கறது தான் வினை, அதோட அல் சேந்தா இருமல். தும்மு தும்மல், விக்கு விக்கல், செருமு செருமல், எல்லாம் ஒரே அச்சு. எவ்ளோ பழசுன்னா புறநானூறு 243வது பாட்டுலயே இருக்கு, ஒரு கெழவர் சின்ன வயசுல மருத மரக் கிளைல ஏறி ஆத்து மடுவுல துடும்னு குதிச்சு அடி மணல அள்ளிட்டு வந்தத நெனச்சு பாக்குறாரு, இப்போ தடி ஊனி நடுங்கிட்டு "இருமிடை மிடைந்த சிலசொல்"னு சொல்றாரு, அதாவது இருமலுக்கு நடுவுல நாலு வார்த்த தான் வருதாம். எனக்கு ரொம்ப புடிச்ச வரி. பாடுனவர் பேரு தொடித்தலை விழுத்தண்டினார், அந்த தடிய வெச்சே பேரு.

பாலக்கோடு தக்காளி:
செருமுறது வேற இருமுறது வேற சார், மாமனார் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி வேணும்னே பண்றது செருமல் 😀

நர்ஸக்கா:
காசநோய்ல வர்ற காசம் வடமொழி, அங்க காசம்னாலே இருமல் தான். சொல்லாராய்ச்சி இருக்கட்டும், வீட்ல யாருக்காச்சும் ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா கஷாயத்தோட நிக்காம கவர்மென்ட் ஆஸ்பத்திரில சளி டெஸ்ட் குடுங்க, ஃப்ரீ தான்.

தளி ரோட்டுக்காரன்:
சரிங்கக்கா. அப்போ தும்மலுக்கு கன்னடத்துல என்ன?

ஓசூர் ரோஜா:
சீனு. எங்க சீனிவாசன் மாமாவ சீனுன்னு கூப்ட்டா பக்கத்து வீட்டு கன்னடக்கார பசங்க மூக்க புடிச்சிக்கிட்டு ஓடுவானுங்க.