ஆதி அலோர்–பந்தாரில் ‘ஃக’ எங்கால வந்தது?

முள்ளியவளை: அலோர்–பந்தார் மொழிகளின்ர (தீமோருக்கு வடக்க, இந்தோனேசியத் தீவுகள்) மூலமொழியில் ‘இரண்டு’க்கு அரஃகு எண்டு மீட்டிருக்கினம். 2012 தொடங்கி வந்த கட்டுரைகளில இருக்கு. ஃக எண்டு நான் எழுதுறது உள்நாக்கில பிறக்கிற ககரம். ஆனால் மேற்குப் பந்தாரில் அலக்கு, அபுயியில் அயோக்கு. கூடுதலான மொழியில சாதாரண ககரம்தானே? மற்றது, ‘என்’ எண்டதுக்கு அங்க ந- முன்னொட்டு. எங்கட ‘நான்’ஓட தொடர்போ?

பனங்காமம்: வாக்கெண்ணி மூலமொழி எடுக்கிறேல்லை, தம்பி. ‘ஒண்டு’ எண்ட சொல்லையும் பக்கத்தில வையுங்கோ. தெய்வா மொழியில் ஒண்டு நுக், இரண்டு ரஃக். அபுயியில் நுக்கு, அயோக்கு. தெய்வா வேறாக்கிற இடத்தில அபுயிக்கு ஒரே ககரம். முல்லைத்தீவுச் சந்தையில வாழையும் வாளை மீனும் ஒரே சத்தம். எங்கட பேச்சை மட்டும் வைச்சு ழகரத்தை மீட்க ஏலாது, அதை வைச்சிருக்கிற ஒரு வழக்குப் போதும்.

ஆனால் ரெண்டு சொல்லோட நிண்டால், ‘உகரத்துக்குப் பிறகு க், அகரத்துக்குப் பிறகு ஃக்’ எண்டு ஆரும் வாதாடலாம். அதுக்குத்தான் சொல்முதலையும் பாக்க வேணும்: பத்து, தெய்வாவில் ஃகார், அபுயியில் கர். முன்னால உயிரே இல்லை, அதால அந்த வாதம் நிக்காது.

மாங்குளம் சந்தி: நான்–ந தொடர்பை விடுங்கோ. சங்கத் தமிழில ‘யான்’தான், ‘நான்’ பிந்தினது. ஒப்பிடுறதெண்டால் யானை எடுக்க வேணும், அதில நகரமே இல்லை. ஓரசை ஒட்டுகள் உலகத்தில எங்கயும் தற்செயலாப் பொருந்தும்.

அந்த ந- வேற இடத்தில ஆளைக் கவிழ்க்கும். அங்க கை, கண் எண்டு உறுப்புப் பேர் தனிய நிக்காது. ‘கை’க்கு என்ன எண்டு கேட்டால் தெய்வாவில் ந-தன், அபுயியில் ந-தாங் எண்டு வரலாம், ரெண்டும் ‘என் கை’. வெட்டாமல் பட்டியலில போட்டால் உறுப்புப் பேர் முழுக்க நகரத்தில தொடங்கி, இல்லாத ஒற்றுமை காட்டும். முன்னொட்டை வெட்டி, தன்–தாங் எண்டு வேரை மட்டும் நிரையில வையுங்கோ. மலாய்க் கடன்சொல்லை அதுக்கு முதலே கழிச்சுப்போடுங்கோ.

முள்ளியவளை: நன்றி அண்ணை. அப்ப அயோக்குவில் ரகரம் எங்க போச்சு?

பனங்காமம்: அது யகரமா நிக்குது. ஆனால் ‘கர்’இல ரகரம் அப்பிடியே கிடக்கு. அதால சொல்நடு ரகரத்தையும் சொல்லிறுதி ரகரத்தையும் ஒரே நிரையில போடாதேங்கோ, ரெண்டு அட்டவணை போடுங்கோ.