எடை குறைக்கச் செய்த பேண்ட், ஸ்லீவ், பைபாஸுக்குப் பிறகு மறு அறுவை: பார்த்ததை எழுதுங்கள்

லேப்_மேசை:
இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டிய பேண்டைக் கழற்றி, அதே மேசையிலேயே ஸ்லீவ் (இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாயாக்குவது) போட்ட கேஸ் ஒன்று இன்னும் மனசை அரிக்கிறது. பேண்ட் வெளியே வந்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் வெள்ளை வளையமாகத் தழும்பு இரைப்பையை இறுக்கிக்கொண்டே இருந்தது. அதை உரிக்கவில்லை, பேண்ட் நழுவாதிருக்கப் போட்ட பழைய மடிப்புத் தையலையும் பிரிக்கவில்லை. வெட்டிய இரைப்பையை மூடும் ஸ்டேப்பிள் பின் உயரம் குறைவாக இருந்தால் தடித்த சதைக்குப் பிடிக்காது. லீக் ஆனது, உணவுக்குழாய் வந்து சேரும் மேல்முனையில். மறுநாள் காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது, சி.டி.யிலும் ஒன்றும் தெரியவில்லை. நாடி மட்டும் 120-க்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த நிலையில் காத்திருக்கக் கூடாது, வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப்பை (கேமராக் குழாயை) விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தியேட்டர்_சிஸ்டர்:
ஒரே மேசையில் செய்ததுதான் தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேண்ட் சும்மா நழுவியிருந்தால் ஒரே தடவையில் முடிப்பது வழக்கம்தான். இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்தால் கதை வேறு: முதலில் எடுத்து, சுவர் ஆற மாதக்கணக்கில் விட வேண்டும்.

எனக்கு மறக்காதது, ஸ்லீவுக்குப் பிறகு பைபாஸுக்கு (இரைப்பையின் மேலே சிறு பை அமைத்து, அதைக் குடலோடு நேரே இணைப்பது) வந்த அம்மா. ராத்திரி புளித்த நீர் தொண்டைக்கு ஏறுவதால் உட்கார்ந்தபடியே தூங்கியவர். மாற்றிய பிறகு மல்லாந்து படுத்தார். ஆனால் எடை மெஷினில் ஏறியதும் முகம் செத்துவிட்டது, கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. எதுக்களிப்புக்காக மாற்றினால் எதுக்களிப்பு பெரும்பாலும் அடங்கும். எடையோ முதல் தடவை பைபாஸ் செய்தவர்களுக்கு இறங்குகிற அளவு இறங்காது. கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

டயட்_டேபிள்:
சிஸ்டர் சொல்வது சரி, ஆனால் எடை இறங்கவில்லையே என்று குடலைக் கண்டபடி சுருக்குவது அதைவிட மோசம். பைபாஸுக்குப் பிறகு எடை ஏறி, சத்தை உறிஞ்சும் நீளம் குறைய, குடல் இணைப்பைக் கீழே இறக்கிப் போட்ட ஒருவர் வந்தார். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ரத்தப் புரதமான அல்புமின் தரையில்.

மொத்தச் சிறுகுடலையும் அளக்காமல் வெட்டவே கூடாது, ஆளுக்கு ஆள் நீளம் மாறும். உணவு மட்டும் இறங்கும் குடலும், உணவும் செரிமான நீரும் கலந்து போகும் பொதுக் குடலும் சேர்ந்து 400 செ.மீ.க்குக் குறைந்தால் புரதக் குறைவுக்கு வாசல் திறந்தாயிற்று. அதற்கும் முன்னால், எடை ஏன் ஏறியது என்று எண்டோஸ்கோபியும் பேரியம் படமும் எடுத்துப் பாருங்கள். பை விரிந்திருக்கிறதா, ஒதுக்கிவிட்ட இரைப்பைக்கு ஓட்டை விழுந்து பழைய வழி திறந்திருக்கிறதா? ஓட்டை இருந்தால் அடைக்கலாம். உடல் அமைப்பில் கோளாறே இல்லை என்றால் கத்தியைவிட செமாக்ளுடைட் போன்ற எடை குறைக்கும் மருந்தை முதலில் பாருங்கள். குடல் சுருக்கியவர்களுக்குப் புரதம் நாளைக்கு 80 கிராமாவது வேண்டும். கால்சியம், சிட்ரேட் வகையாக. இரும்பு மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாமல் 2 மணி நேரம் தள்ளிப் போடணும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் தனியாக. புகையை விடாதவருக்கும் மூட்டுவலி மாத்திரையை விழுங்குகிறவருக்கும் புது இணைப்பில் புண் வரும், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும்.

வார்டு_நைட்:
எல்லாரும் தியேட்டரையே பேசுகிறீர்கள். மாற்று அறுவை முடிந்து இணைப்பு சுருங்கி, வாரக்கணக்கில் வாந்தியோடு வந்தவருக்கு முதலில் தொங்கவிட்டது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். காலையில் பேச்சு குழறியது, கருவிழி பக்கவாட்டில் துடித்தது. தயமின் (வைட்டமின் பி1) இருப்பு உடலில் 2, 3 வாரத்துக்குத்தான். வாந்தி எடுக்கிறவருக்கு மாத்திரை வேலைக்காகாது. நரம்பு வழியே தயமின் போங்கள், அதற்கப்புறம் குளுக்கோஸ். ரத்த ரிசல்ட் வரட்டும் என்று நிற்காதீர்கள்.